கல்யாணம் நடக்கிறதா என்று பார்க்கவும்

பதுளை அலுவலகத்தில் இப்போது வேலை செய்யும் மதுஷா போன வாரம் என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். நான் ஓய்வு பெறும்போது அங்கே விட்டுவந்த வேலைக் கையேட்டின் ஒரு பக்கம். பதினேழாவது விதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அதன் கீழே ஒரு கேள்வி: "மிஸ், இது டைப் அடிக்கும்போது வந்த பிழையா? தூக்கிடவா?"

விதி இதுதான்: "எந்தக் கணக்கையும் அழிப்பதற்கு முன், எந்தக் கணக்கு என்று கேட்கவும். பதில் வந்தபின் இன்னொரு தடவை கேட்கவும். பிறகு, கல்யாணம் நடக்கிறதா என்று பார்க்கவும்."

பிழை இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் நானே யோசித்துப் போட்டேன். இப்போது கோப்புகளையெல்லாம் கொழும்பில் எங்கோ வாடகைக்கு எடுத்த இடத்தில் வைக்கப் போகிறார்களாம், மௌசால் தட்டினால் போதுமாம், அதனால் கையேட்டைச் சுருக்குகிறார்களாம். நல்ல விஷயம். அந்தக் கறுப்புத் திரையை நினைத்து நான் ஏங்கவில்லை. அது என் கண்ணையும் இடுப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டது. ஆனால் பதினேழைத் தூக்குமுன் அதன் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

என் பெயர் செல்வமலர். லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். தேயிலைக் கம்பெனி ஒன்றின் பதுளைக் கிளையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். டைப்ரைட்டர் போய்க் கணினி வந்தது. கணினிக்குப் பின்னால் சேர்வர் வந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுவதைப் பார்த்து ஆண்பிள்ளைகள் நாலு பேர் பின்வாங்கியபோது, எனக்கு டைப் அடிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியில் அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது. கொழும்பில் ஏழு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஐந்து நாள் பயிற்சியாளர் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார். ஆறாவது நாள் பௌர்ணமிப் போயா விடுமுறை. ஏழாவது நாள் சான்றிதழ். மீதியைப் பதுளையில் அடிபட்டுத்தான் படித்தேன்.

எங்களிடம் இருந்தது மூன்று சேர்வர், மூன்றுக்கும் பொதுவாக ஒரு பெரிய சேமிப்புப் பெட்டி. தோட்டங்களின் கோப்புகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள். மூன்று சேர்வரும் ஒரே நேரத்தில் ஒரே கோப்பைப் பார்க்கலாம். ஆனால் ஒன்று எழுதும்போது மற்றது காத்திருக்க வேண்டும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் குழாயில் தண்ணீர் பிடிப்பது போலத்தான், சண்டை மட்டும் குறைவு. மூன்றும் ஓயாமல் ஒன்றையொன்று கூப்பிட்டு, இருக்கிறாயா என்று கேட்டுக்கொள்ளும். குறைந்தது இரண்டு சேர்வராவது 'இருக்கிறேன்' என்று சொன்னால்தான் பெட்டி திறக்கும். பதில் சொல்லாததை மற்ற இரண்டும் சேர்ந்து வெளியே தள்ளிவிடும். இதற்குப் பயிற்சியில் ஏதோ ஆங்கிலப் பெயர் சொன்னார்கள். நான் பதிவுக் கொப்பியில் பெரட்டு என்றே எழுதினேன். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. பிந்தி வந்தவருக்கு அன்றைக்கு வேலை இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான். எங்கள் சேர்வருக்கும் அதே சட்டம்.

அந்தப் பெரட்டில் மூன்றாவது சேர்வர் தினமும் காலை பத்து மணிக்குக் காணாமல் போனது. கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தது. மூன்று மணிக்கு மறுபடியும் போனது. ஒரு மாதம் பதிவுகளை வரிவரியாக வாசித்தேன். கம்பியை மாற்றினேன், அட்டையை மாற்றினேன், பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தேன். என் மேலதிகாரி நிஸ்தார் சேர் ஒரு நாள் பின்னால் வந்து நின்று நேரத்தை மட்டும் பார்த்தார்.

"பத்துக்கும் மூணுக்கும் போகுது. தேத்தண்ணிக்குப் போயிட்டு வருது மிஸ்," என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நேராகத் தேநீர் அறைக்குப் போய் மின்கேத்தலின் வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அது சுவரைத் துளைத்து வந்து, அந்த மூன்றாவது சேர்வரை மற்றவற்றோடு இணைக்கும் வலைப்பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் அதே பிளக்கில் முடிந்தது. கேத்தல் கொதிக்க ஆரம்பித்தால் வலைப்பெட்டி மயங்கிவிடும். தேயிலைக் கம்பெனிக்கு இப்படியொரு சேர்வர் வாய்த்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

நிஸ்தார் சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதுளை டவுனில் பிறந்து வளர்ந்தவர், அப்பாவுக்கு பஜாரில் துணிக்கடை. கறுப்புத் திரையின் எல்லாக் கட்டளையும் அவருக்குத் தெரியும், ஆனால் விசைப்பலகையைத் தொட மாட்டார். எனக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு, கைகளை மடியில் வைத்து, தொழுகையில் இருப்பவர் மாதிரி அமைதியாக இருப்பார். இரண்டு சட்டம் வைத்திருந்தார். முதலாவது, எண்டர் தட்டுமுன் கட்டளையைத் தமிழில் ஒருவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்றபின்தான் தட்டலாம்.

"இங்கிலீஷ்ல வாசிச்சா வாய்தான் வாசிக்கும் மிஸ். தமிழ்ல வாசிச்சா மூளை வாசிக்கும்," என்பார்.

'டி-எஃப்' என்று அடித்தால், "பெட்டியில் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்கிறேன்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நான் ஒப்புவிக்க வேண்டும். வருஷக்கணக்காக ஒப்புவித்தேன். சமைக்கும்போதுகூட "உப்புப் போடுகிறேன், சரிதானே" என்று சத்தமாகச் சொல்லி, வீட்டுக்காரரை ஓடி வர வைத்திருக்கிறேன்.

இரண்டாவது சட்டம் பலவந்தத்தைப் பற்றியது. எந்தக் கட்டளை மறுத்தாலும் கூடுதலாக ஒரு எழுத்தைச் சேர்த்தால் முரட்டுத்தனமாகச் செய்து முடித்துவிடும். அந்த எழுத்தை அவர் அனுமதிக்க மாட்டார். "ஆள் உள்ளுக்கு ஈக்கேக்க கதவ ஒடைக்க வாணாம். யார் ஈக்கிறதுன்னு முந்திப் பாருங்க," என்பார். ஈக்கேக்க என்றால் அவர் பேச்சில் இருக்கும்போது.

இனி பெரிய கிளாக்கர் வேலாயுதம். லுணுகலைத் தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தர். நல்ல மனிதர், ஒரே ஒரு குற்றம் தவிர. ஒரு நாள் பெட்டி நிரம்பிவிட்டது. எந்த ஃபோல்டர் இடத்தைத் தின்கிறது என்று கேட்கும் கட்டளையைப் போட்டேன். முதலிடத்தில் 'தேயிலைக் கொப்புள நோய்' என்று வந்தது. இவ்வளவு நோயா என்று பயந்துபோய்த் திறந்தேன். உள்ளே வேலாயுதத்தின் மகள் கல்யாணம். மூன்று கேமரா, முழு நாள். மணமகளுக்குப் பூ வைப்பது மட்டும் ஒன்றரை மணித்தியாலம்.

போன் எடுத்து, அழிக்கச் சொன்னேன்.

"இந்த மாசம் எடுத்துர்றேன் மிஸ்," என்றார்.

எடுத்தார், வேறு இடத்தில் வைத்தார். அடுத்த மாதம் அது 'மண்ணரிப்பு' என்ற பெயரில் இருந்தது. பிறகு 'மழை அளவு'. பிறகு 'கவ்வாத்து வெட்டு'. தோட்டத்தில் ஒரு நாள் கொழுந்துக்கு இத்தனை கிலோ என்று இருப்பது போல, அவருக்கு இவ்வளவுதான் இடம் என்று அளவு போட்டேன். அவர் தன் பெயரில் வைக்காமல் தோட்டத்தின் பெயரில் வைத்தார். மாதாமாதம் தேடினேன், மாதாமாதம் கண்டுபிடித்தேன். கடைசியில் ஒரு நாள் கோபத்தில் கேட்டேவிட்டேன், ஏன் இப்படி உயிரை எடுக்கிறீர்கள் என்று.

"படம் புடிச்ச ஸ்டூடியோவ மூடிட்டாங்க மிஸ். அவங்க தந்த சீடி சுரண்டிப் போச்சு. மக வெளிநாடு போயி திரும்பி வரல. எங்க வீட்ல உள்ளவ பாக்கணும்னு சொல்லுவா. வேற எங்க வைக்கிறது," என்றார்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. இருந்தாலும் அழிக்கத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வீடியோ என் கண்ணில் படவே இல்லை. திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

கதையின் நடுவே வந்து சேர்ந்தவர் பவளக்கொடி. அதே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், நாற்பதைத் தாண்டியவர். ஒரு திங்கட்கிழமை லுணுகலையிலிருந்து பஸ் ஏறி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். பிறப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் அடையாள அட்டை இல்லை, அதனால் எதுவுமே இல்லை.

"எங்கம்மா சாகுற மட்டும் நான் பொறந்தேன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு மிஸ். எழுத்துல காட்டுன்னு கேக்குறாங்க," என்றார்.

எழுத்து இருந்தது. தோட்டத்துப் பிறப்புப் புத்தகத்தைக் கறையான் முழுதாகத் தின்றுமுடிப்பதற்கு முன், நாங்கள் ஸ்கேன் செய்து பெட்டியில் போட்டிருந்தோம். புத்தகம் போய்விட்டது, படம் மட்டும் மிச்சம். சனிக்கிழமை லுணுகலைக்கு அரசாங்கத்தின் நடமாடும் சேவை வருகிறது, அந்தப் பக்கத்தைக் காட்டினால் பதிவு செய்துகொள்வார்கள். நான் உடனே அச்சடித்துக் கொடுத்திருக்க வேண்டும். பிரின்டரில் மை இல்லை. "வெள்ளிக்கிழமை வாங்க," என்று அனுப்பிவிட்டேன்.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. ஒரு தோட்டத்தைப் பல பிரிவுகளாகப் பிரித்திருப்பார்கள். அந்தப் பிரிவை எங்கள் பேச்சில் 'கணக்கு' என்போம். மலையில் மேலே உள்ளது மேக்கணக்கு, கீழே உள்ளது கீக்கணக்கு. பவளக்கொடி கீக்கணக்கு. நானும் கீக்கணக்கில் பிறந்தவள்தான். பெட்டிக்குள்ளும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தனி அறை ஒதுக்கி, அதே பெயர்களை வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம். நிஸ்தார் சேர் மொனராகலைக் கிளைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். பசறையைத் தாண்டினால் வளைவுக்கு வளைவு போன் விட்டுவிட்டுத்தான் கேட்கும். போன் வந்தது.

"மிஸ்," என்றார். பிறகு கொஞ்சம் காற்று. "மேல் கணக்கு அப்படியே ஈக்கட்டும். கீழ் கணக்க அழிச்சிடுங்க. இண்டைக்கே."

எனக்கு வயிறு எரிந்தது. கீக்கணக்கை மேக்கணக்கோடு சேர்க்கப் போவதாக ஏற்கெனவே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வந்தால் கடைசியாகக் கீக்கணக்கு, எதையாவது வெட்டினால் முதலில் கீக்கணக்கு, இது நான் பிறந்த நாளிலிருந்து பார்ப்பது. ஆனால் மேலதிகாரி சொன்னால் செய்ய வேண்டும். மேக்கணக்கின் அறையில் 'பிறப்புப் புத்தகம் - கீழ்' என்று ஒரு ஃபோல்டர் இருப்பதைப் பார்த்தேன். சரி, எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். உள்ளே திறந்து பார்க்கவில்லை. அங்கே இருந்தது வெறும் பெயர்தான், ஒரு பக்கம்கூட இல்லை. அது என் தவறு, அதில் யாரையும் கூட்டுச் சேர்க்க மாட்டேன்.

மற்றபடி சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன். போனில் வாசித்துக் காட்டினேன்: "கீக்கணக்க மூணு சேர்வர்லயும் கழட்டுறேன் சேர். கழண்ட பொறகு அழிக்கிறேன். சரிதானே?"

"ஓ ஓ, சரி," என்றார். வளைவு வந்தது, போன் கட்டானது. என் வாசிப்பில் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும்தான் காதில் விழுந்ததாகப் பிறகு சொன்னார்.

எண்டர் தட்டினேன். திரை மறுத்தது. அறை உபயோகத்தில் இருக்கிறது, கழற்ற முடியாது என்றது. மறுபடியும் தட்டினேன். மறுபடியும் அதே பதில். எனக்கிருந்த கோபத்தில் அந்த முரட்டு எழுத்தைச் சேர்க்கக் கை போனது. ஆள் உள்ளுக்கு ஈக்கேக்க என்று காதுக்குள் ஒரு குரல் கேட்டது. கையை எடுத்துவிட்டு, யார் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளையைப் போட்டேன்.

ஒரே ஒரு வரி வந்தது. இடம்: லுணுகலைத் தோட்டத்து ஆபீஸ், பெரிய கிளாக்கரின் கணினி. ஃபோல்டர்: 'பிறப்புப் புத்தகம், பழைய படங்கள்'. கோப்பு: இரண்டாம் கேமரா.

படுபாவி, பிறப்புப் புத்தகத்துக்கு நடுவிலா கொண்டுவந்து வைத்தான் என்று வாய்விட்டே சொன்னேன். அலுவலகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேசை போனை எடுத்து லுணுகலைக்கு அடித்தேன். எடுத்தவரின் பின்னணியில் நாதஸ்வரம்.

"கிளாக்கரையா, அந்த வீடியோவ உடனே நிறுத்துங்க. எனக்கு அந்த இடத்த அழிக்கணும்."

"மிஸ், இன்னைக்கு மகளுக்குக் கல்யாண நாள். வீட்ல உள்ளவளயும் ஆபீசுக்குக் கூட்டியாந்திருக்கேன்," என்றார் மெதுவாக.

"நிறுத்துங்கன்னு சொல்றேன்."

"தாலி எடுத்துட்டாரு மிஸ். கையில வச்சிருக்காரு. இந்த இடத்துல நிறுத்தச் சொல்லாதீங்க. ரெண்டே நிமிஷம்."

போனை அவர் மனைவி வாங்கினார். "மிஸ், நீங்களும் ஒரு தாலி கட்டிக்கிட்டவங்கதானே," என்றார்.

எத்தனையோ வருஷம் முன்னால் கட்டி முடிந்த தாலி. அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளை. படத்தை நிறுத்தினால் கழுத்திலிருந்து கழன்றா விழப் போகிறது? அறிவுக்கு எல்லாம் தெரிகிறது. ஆனால் என் வாயிலிருந்து நிறுத்து என்ற வார்த்தை வரவில்லை. தாலி கட்டும்போது தும்மலைக்கூட அடக்கிக்கொள்கிற ஜனம் நாங்கள். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்து, முன்பின் தெரியாத மாப்பிள்ளை முடிச்சுப் போடுவதற்குக் காத்திருந்தேன். முதல் முடிச்சு என்றார் வேலாயுதத்தின் மனைவி. யாரோ கெட்டிமேளம் என்றார்கள். மேளம் இரைந்தது. நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

அந்த மேளத்துக்கு நடுவே என் கைபேசி அடித்தது. நிஸ்தார் சேர். நல்ல நேரான சாலைக்கு வந்திருப்பார், தெளிவாகக் கேட்டது.

"மிஸ், விமலசேனவுட கணக்க அழிச்சாச்சா? அது என்ன சத்தம்?"

"எந்த விமலசேன சேர்?"

"மொனராகலைல வேலைய விட்டுப் போன விமலசேன. ஒங்கட மேசைல லிஸ்ட் வெச்சேனே. ரெண்டு பேர் ஈக்கி. மேல் கணக்கு ஈக்கட்டும், கீழ் கணக்க அழிங்கன்னு சென்னேனே."

தேநீர்க் கோப்பையைத் தூக்கினேன். அதன் அடியில், வட்டமாகச் சாயம் பிடித்து, ஒரு சிறு தாள். மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர். கணினிக்குள் நுழைய ஒருவருக்குக் கொடுக்கும் பெயரையும் கடவுச்சொல்லையும் டவுன்காரர்கள் கணக்கு என்கிறார்கள். விமலசேனவின் கணக்கு தாளில் கீழே இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

உட்கார்ந்தேன். "சேர், நான் கீக்கணக்க அழிக்கப் போனேன்," என்றேன்.

"ஓ, அதத்தானே சென்னேன்."

"தோட்டத்துக் கீக்கணக்கு சேர். பிறப்புப் புத்தகம் உள்ளது."

பஸ் இரைச்சலுக்கு நடுவே மிகச் சின்னக் குரலில், "யா அல்லாஹ். அழிச்சிட்டீங்களா?" என்றார்.

"இல்ல சேர். தாலி கட்டுறாங்க."

அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப் பக்கம் நின்று, வந்த முதல் பஸ்ஸில் திரும்பிவிட்டார். அவர் வருவதற்குள் பதிவுக் கொப்பியில் உள்ளதை உள்ளபடி எழுதி வைத்திருந்தேன்: "கீழ்க்கணக்கைக் கழற்றும் வேலை நிறுத்தப்பட்டது. காரணம்: தாலி கட்டு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு முதல் தடவையாக என் விசைப்பலகையை இழுத்து அவரே அடித்தார். கொழும்புக்குப் போக வேண்டிய நகல் போயிருக்கிறதா என்று பார்த்தார். போகவில்லை. கீக்கணக்கு அளவுக்கு மீறிப் பருத்துவிட்டதால் நகல் வேலை பல வாரமாகப் பாதியிலேயே நின்றிருக்கிறது. பருத்ததற்குக் காரணம் மூன்று கேமரா. காப்பாற்றியதும் அந்தக் கல்யாணம்தான், கவிழ்க்கப் பார்த்ததும் அந்தக் கல்யாணம்தான். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார், எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பதினேழாவது விதியை அன்று மாலையே எழுதினேன். அவர் வாசித்துவிட்டு, "இத இங்கிலீஷ்ல மாத்த வாணாம்," என்றார். மதுஷா, அதனால்தான் சொல்கிறேன், தூக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலையில் வேலாயுதம் வந்தார். வேலை போய்விடும் என்று நினைத்து, வெளுத்த முகத்தோடு, வீடியோவை எடுத்துப்போக ஒரு புது ஹார்ட் டிஸ்க்கும், என்னைச் சாந்தப்படுத்த ஒரு பொட்டலம் வடையும் கொண்டுவந்திருந்தார். வடையை வாங்கிக்கொண்டேன். வீடியோவுக்கு நகல் போட்டுக் கொடுத்தேன். மூலத்தைப் பெட்டிக்குள்ளேயே வேறொரு மூலையில் தனி ஃபோல்டராக வைத்து, பூச்சியும் நோயும் இல்லாமல் 'கல்யாணம்' என்றே பெயரிட்டு, நிஸ்தார் சேருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சரி என்றார்.

அதே நேரத்தில் பவளக்கொடியும் வந்துவிட்டார். மை வாங்கியாயிற்று. பக்கம் சூடாக வெளியே வந்தது. ஓரத்தில் கறையான் கடித்த தடம், நடுவில் பழைய கணக்கப்பிள்ளை ஒருவரின் சாய்ந்த கையெழுத்து: பெண் குழந்தை, பெயர் பவளக்கொடி. அவர் விரலை வைத்துத் தன் பெயரை ஒரு எழுத்து ஒரு எழுத்தாகத் தடவிப் பார்த்தார். பிறகு மேலே இருந்த வரியைக் காட்டினார்.

"இதுல கீக்கணக்குன்னு போட்டிருக்கா மிஸ்?"

"போட்டிருக்கு."

"இது காயிதம். நனஞ்சா போயிரும். உள்ள பொட்டியில இருக்கிறத யாரும் அழிச்சிர மாட்டாங்கல்ல?"

வடைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் நின்ற வேலாயுதத்தை ஒரு தடவை பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"அழிக்க முடியாது தங்கச்சி," என்றேன். "உள்ள கல்யாணம் நடக்குது."